சாம்பல் நிற வரி

ஓபல் கல் விற்க வருகிறவனிடம் மூன்று கேள்விகள் கேட்கக்கூடாது. எங்கே தோண்டினாய், இன்னும் எவ்வளவு இருக்கிறது, எனக்கு முன்னால் யாரிடம் காட்டினாய். என் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் கிரீஸிலிருந்து ஆஸ்திரேலியாவின் கூபர் பீடிக்கு வந்து, கல் வாங்கி விற்றே பெரிய மனிதர்கள் ஆனவர்கள். இந்த மூன்றையும் அவர்கள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. வந்தவனின் பூட்ஸில் ஒட்டியிருக்கும் மண்ணின் நிறத்தைப் பார்ப்பார்கள், வண்டியில் பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள், பிறகு காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குடும்ப சௌக்கியம் விசாரிப்பார்கள்.

எனக்குப் பூட்ஸைப் பார்க்கிற வேலை இல்லாமல் போனது. எனக்கு ஒரு மென்பொருள் கிடைத்தது.

அது ஓர் அரட்டைக் குழு. தோண்டுகிறவர்களும் வாங்குகிறவர்களுமாக நாற்பத்திரண்டு பேர். ஹாங்காங்கில் இருப்பவர்கள்கூட உண்டு. தோண்டுகிறவர்கள் கல்லின் படத்தைப் போடுவார்கள், நாங்கள் விலை சொல்வோம். குழுவை ஆரம்பித்துத் தலைவனாக இருப்பவன் நான். அந்த மென்பொருளுக்கு ஒரு பழக்கம். யார் எதை எழுதினாலும் அதன் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில், ஒரு வரி ஓடும்: எழுதியவரின் கணினிக்கு என்ன பெயர், அதில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, பேட்டரி எத்தனை சதவீதம். கோளாறு வந்தால் சரிபார்க்க உதவட்டும் என்று செய்தவர்கள் வைத்ததாம். எனக்கு வேறு வகையில் உதவியது. பேட்டரி ஆறு சதவீதத்தில் நிற்கும்போது விலை பேசுகிறவன் அவசரத்தில் இருக்கிறான். அவனுக்குப் பதில் எழுத நான் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வேன். எட்டு வருடத்துப் பழைய பதிப்பை வைத்திருப்பவன் முதலில் சொல்லும் விலைக்கே இறங்கிவிடுவான். நாடி பிடித்துப் பார்ப்பதுபோல அந்த வரியைப் பார்த்தேன்.

எர்ஷிக்குத்தான் அது பிடிக்கவில்லை. ஹங்கேரிக்காரி, புருஷன் போன பிறகு தனியாகவே குழியில் இறங்குகிறவள். ஒருநாள் ரொட்டிக் கடை வாசலில் என்னை மடக்கினாள்.

"ஏன்டா ஸ்டாமாட்டி, நான் கல்லு படம் போட்டா கீழ என் கம்ப்யூட்டரோட ஜாதகமே ஓடுதே, அது எதுக்கு?"

"அது உன் பேரா? உன் விலாசமா? வெறும் மெஷினோட விவரம். மெஷினுக்கு என்ன மானம் மரியாதை?"

"மெஷின் யாரோடது?"

"உன்னோடதுதான்."

"அப்புறம்? போன வாரம் சிட்னிக்காரன் ஒருத்தன், புதுசு வாங்க வக்கில்லையான்னு கேக்கறான். நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன், உங்க குழு என் உள்பாவாடையை வேலியில காயப்போடுது."

"உனக்கு வேண்டாம்னா எழுதாத. கல்லை நேரா கொண்டு வா."

"உன்கிட்டயா? அதுக்கு உள்பாவாடையே தேவலை" என்றபடி ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வரியை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு, அது குழுத் தலைவனின் திரையில் மட்டும் தெரியும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஸ்வோன்கோ ஒரு படம் போட்டார். குரோஷியாக்காரர், அறுபத்தெட்டு வயது, இந்த ஊரில் முப்பத்தொரு வருடமாகத் தோண்டுகிறார். பெயர் சொல்லும்படி எதுவும் கிடைத்ததில்லை. படத்தில் இருந்தது கட்டைவிரல் அளவுக் கல். கறுப்பு அடியின்மேல் சிவப்பு ஒளி உருண்டது. குழுவில் ஐந்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. எங்கள் தொழிலில் மௌனம்தான் பெரிய விலை.

நான் கல்லைப் பார்த்தேன். பிறகு வழக்கம்போல் கீழே பார்த்தேன். கணினியின் பெயர்: டெட்ஹார்ஸ்-9.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வாளி தூக்கும் இயந்திரமானாலும் காற்று ஊதும் இயந்திரமானாலும், அது எந்தக் குழியில் வேலை செய்கிறதோ அந்தக் குழியின் பெயரையும் எண்ணையும் வெள்ளைப் பெயின்டால் அதன்மேல் எழுதிவைப்பார்கள். ஸ்வோன்கோவுக்கு மூன்று குழிகள். இரண்டுக்கு ஊர் பார்க்க வண்டி ஓட்டிப் போவார். மூன்றாவது, ஒன்பதாம் எண் குழி, டெட்ஹார்ஸ் என்கிற செத்த குதிரை மேட்டில் இருக்கிறது. அங்கே சுற்றுவழியாகப் போவார். அது வற்றிப்போன குழி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். புதுக் கணினி முதல்நாள் அவரிடம் "எனக்கு ஒரு பெயர் கொடு" என்று கேட்டிருக்கிறது. அதை அவர் அந்தக் குழிக்குள் கொண்டுபோய் வைத்துச் சினிமா பார்க்கிறவர். ஆகவே மற்ற இயந்திரங்களுக்குச் செய்ததையே இதற்கும் செய்தார். அவர் கணக்கில் அது குழிக்கு உள்ளே அடித்த பெயின்ட், வெளியே யார் கண்ணிலும் படாது.

அந்தப் பெயர் வெளியே தெரிகிறது என்று அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். அன்று மாலையே என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை அடிலெய்டுல எனக்குக் கண் ஆபரேஷன். முதல்ல வலது கண்ணு" என்றார்.

"கல்லு எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டீங்களா?"

கேட்கக்கூடாத கேள்வி. அவருக்குக் கோபம் வரவில்லை, சிரித்தார்.

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா எடுப்பேன்? எனக்கு எல்லாம் பால் ஊத்தின மாதிரி தெரியுதுடா கிரேக்கா. உளி நூலளவு நழுவினா போச்சு. சுவத்துக்குள்ள ஒரு கை அகலத்துக்கு ஓடுது கல்லு. மேல மண்ணைப் பூசி மூடிட்டு வந்திருக்கேன். புதுக் கண்ணோட போய் பார்த்துப் பார்த்து எடுக்கணும். அதோட சரி, போர்ட் லிங்கன்ல மக நெவென்கா வீட்டுக்குப் போயிடுவேன். இந்த நுரையீரல் இன்னொரு வருஷம் புழுதி தாங்காது."

"நாலு நாள் பத்திரமா இருக்குமா, பெருசு?"

"எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தானே தெரியும்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இடம் தெரிந்த வியாபாரிக்கு ஒரு பலம் உண்டு, அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. திருடும் எண்ணம் எனக்குக் கிடையாது. தெரிந்து வைத்திருக்கும் ஆசை மட்டும். நாற்பத்திரண்டு பேருக்கும் அதே வரி தெரிகிறது என்பது ஏனோ எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. நேராகக் குழிக்குப் போயிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து என் கதவைத் தட்டியபோது கையில் ஒரு பிடி மண் இருந்தது. அதில் பொடிப்பொடியாகச் சிவப்பு மின்னியது. அடுத்தவன் குழியில் இறங்கித் தோண்டுகிறவர்களை இங்கே எலிகள் என்போம். எலிகள் இயந்திரத்தை வைத்துச் சுவரை மொத்தமாகப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தன. உடைந்தது பாதி, போனது பாதி.

காவல் நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். சார்ஜென்ட் நல்ல மனிதர். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

"என்ன காணாம போச்சு?"

"ஓபல்."

"எத்தனை?"

"இன்னும் வெளிய எடுக்கல."

"எடுக்காத கல்லைக் காணோம்னு நான் எப்படிங்க எழுதறது? யாராவது பார்த்தாங்களா?"

"எடுத்த ஒரு கல்லோட படம் இருக்கு" என்று சொல்லி என் கணினியைத் திறந்து குழுவில் அவர் போட்ட படத்தைக் காட்டினேன். ஸ்வோன்கோ கண்ணின் மூடியை நீக்கிவிட்டுக் குனிந்தார். தன் கல்லையே அவர் தெளிவாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரல் கீழே நகர்ந்தது.

"கீழ சாம்பல் கலர்ல என்னமோ இருக்கே. இது எப்பவும் இருக்குமா?"

"எப்பவும்."

எழுத்துக் கூட்டிப் படித்தார். "டெட்... ஹார்ஸ்... ஒன்பது." விரல் அங்கேயே நின்றது. "எனக்கு இது ஏதோ கோடுன்னுல்ல தெரிஞ்சுது. இது யார் யாருக்குத் தெரியும்?"

"குழுவுல இருக்கிற நாற்பத்திரண்டு பேருக்கும்."

"உனக்கு?"

நான் சார்ஜென்டைப் பார்த்தேன். அவர் தன் பேனாவைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டருக்கு இந்தப் பேரை வச்சது நீங்கதானே?" என்று மட்டும் ஸ்வோன்கோவிடம் மெதுவாகக் கேட்டார். "அதைப் படிச்சது குத்தம்னு எழுத என்கிட்ட சட்டம் இல்லை."

மென்பொருள் கம்பெனிக்கு எழுதினேன். இரண்டே நாளில் மரியாதையாகப் பதில் வந்தது. கணினியின் பெயர், பதிப்பு, பேட்டரி ஆகியவை இயந்திரத்தைப் பற்றிய விவரங்களே. அவை தனிநபரை அடையாளம் காட்டுவதில்லை. ஆதலால் அந்தரங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரொட்டிக் கடை வாசலில் நான் எர்ஷிக்குச் சொன்ன அதே நியாயம், இன்னும் நல்ல வாக்கியத்தில். கடைசியில் ஒரு வரி: விரும்பினால் குழுத் தலைவர் இதை எந்நேரமும் நிறுத்திக்கொள்ளலாம். பொத்தான் எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் படமும் அனுப்பியிருந்தார்கள்.

அமுக்கினேன். புதிதாக எழுதுவதற்குக் கீழே எதுவும் வரவில்லை. பழையவை அப்படியே நின்றன. அழிக்க வழியில்லை என்றது.

ஸ்வோன்கோ தன் கணினியை என் மேசைமேல் வைத்தார். "இதோட பேரையாவது எடுத்துடு."

"என்ன பேர் வைக்க?"

"பேரே வேண்டாம்."

காலியாக விட்டால் அது ஏற்கவில்லை. 'கம்ப்யூட்டர்' என்று அடித்து முடித்தேன். இரண்டு கணினிகளும் ஒரே சமயத்தில் மணி அடித்தன. குழுவில் எல்லோருக்கும் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு போயிருந்தது: ஸ்வோன்கோவின் 'டெட்ஹார்ஸ்-9' இனி 'கம்ப்யூட்டர்' என்று அழைக்கப்படும்.

புதுக் கண்ணால் அவர் அதையும் படித்தார்.

"நல்லா தெளிவா தெரியுதுடா" என்றார். கணினியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இடது கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. வேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிடறியா? எனக்கு அந்த இங்கிலீஷ் எல்லாம் வராது."

"ஏன் வேண்டாம்?"

"திரும்பக் குழியிலதானே இறங்கணும். அந்த இருட்டுக்கு ஒண்ணு போதும்."