பன்னிரண்டு உரோமைத் தொப்பிகள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வேறொரு கதையைப் போட்டோக்கொப்பி எடுக்கப் போன இடத்தில் இது அகப்பட்டது. அந்தப் பழைய கதை இப்போது எங்கே கிடக்கிறதென்று தெரியாது, தேடவும் மனமில்லை.

இடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, பலாலி வீதியில் ஒரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடை. நடத்துகிறவர் ஸ்ரெல்லா. வயது நாற்பத்தாறு, வீடு குருநகரில், கணவர் கிறகோரி கடற்தொழில். நான் மானிப்பாயில் கணிதம் படிப்பிக்கிறவன். கதை எழுதுகிற வியாதியும் உண்டு.

அன்று மெசினுக்கு மேலே, தீப்பெட்டி அளவில், இன்னொரு போட்டோக்கொப்பி மெசின் இருந்தது. ஸ்ரெல்லா கடதாசியில் செய்தது, தொப்பிகளும் செய்வாராம். ஸ்ரெல்லா சுண்டுவிரலால் அதன் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு தாள், தாளில் எழுத்து. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய் வாசித்தேன். ‘மெசின் பழுது, நாளைக்கு வாங்கோ’ என்று இருந்தது.

நான் எழுதிய எந்தக் கதையிலும் இவ்வளவு கவனமாக ஒரு வரி எழுதியதில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

2

தொடக்கங்கள்.

‘அன்று கடல் அமைதியாக இருந்தது.’ (வேண்டாம். ஸ்ரெல்லாவுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மெசின் நாள் முழுக்க இரைந்துகொண்டு நிற்கிறது.)

‘மனிதன் ஏன் தொப்பி அணிகிறான் என்ற கேள்வியை நாம்’ (இதை எழுதியவனை நானே வகுப்புக்கு வெளியே நிற்கவைப்பேன்.)

‘தம்பி போன பிறகுதான் அவள் முதல் தொப்பியைச் செய்தாள். அவனுடைய தலையின் அளவு அவளுடைய கைகளுக்கு இன்னும்’

இந்த மூன்றாவது எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. நாலு பக்கம் ஓடியது. இதை அச்செடுக்க நான் கொண்டுபோனது ஸ்ரெல்லாவின் கடைக்கே என்பதுதான் பிழை. வேறு கடைக்குப் போயிருக்கலாம். மழை தூறியது, அதுதான் கிட்ட இருந்தது.

தாள் ஒவ்வொன்றாக வெளியே வர, அவர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்.*

“சேர், இதிலை வாற செத்த தம்பி ஆர்?”

“அது... கதைக்காக.”

“எனக்குத் தம்பியே இல்லை. மூண்டு அக்காமார். மூண்டு பேரும் குத்துக்கல்லு மாதிரி இருக்கினம்.”

“பேரை மாத்திவிடுறன் ஸ்ரெல்லா.”

“பேர் கிடக்கட்டும். தொப்பி செய்யிற ஆளுக்கு வீட்டிலை ஒரு சாவு கட்டாயமோ? எனக்குச் செய்ய ஆசை, செய்யிறன். உங்களுக்கு அது காணாதோ?”

காணாது, போதாது என்றுதான் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பேனையை எடுத்தவுடனே ஒரு சாவும் கூடவே எழும்பி வந்து நிற்கும். கூப்பிடாமலே வரும். எத்தனையோ வீடுகளில் அது உண்மைதான். ஆனால் இல்லாத வீட்டுக்கும் நானே கொண்டுபோய் வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. நாலு பக்கத்தையும் வாங்கி அங்கேயே கிழித்தேன். ஸ்ரெல்லா துண்டுகளைப் பொறுக்கினார். மறுபக்கம் வெறுமையான தாளாம், பசை பூச உதவுமாம்.

* போட்டோக்கொப்பிக் கடைக்காரர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று நீங்களும் நம்பிக்கொண்டிருந்தால், இனி நம்பவேண்டாம்.

3

[இந்த இடத்தில் கதை நகரவேண்டும். நகராது. நான் கொஞ்சம் வியந்துகொண்டு நிற்கப்போகிறேன்.]

அவர் செய்தவற்றில் நான் கண்ணால் கண்டவை: ஒரு சிவப்புப் பருத்தித்துறை பஸ். அதன் மிதிபலகையில் தொங்கும் ஆள், ஒரு கால் மட்டும் உள்ளே. அக்காவின் மகளுக்கு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியின் வினோத உடைக்காக, இறால் தொப்பி. மீசைக்கு ஈர்க்கு. ஒரு அன்னாசித் தொப்பி. அதன் கண் ஒவ்வொன்றும் தனியாக மடித்து ஒட்டியது, நூற்றுநாற்பது கண். எண்ணினேன், தொழில் புத்தி.

கடதாசியை மடிக்க முன்னர், மை முடிந்த பேனையால் மடிக்கிற கோட்டை ஒருமுறை அழுத்திக் கீறுவார். பிறகு விரல் பட்டாலே போதும், கடதாசி தானாக அந்தக் கோட்டில் மடியும். எழுதாத பேனைகளை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறைய வைத்திருக்கிறார். பிள்ளைகள் எறிய வந்தால் கைநீட்டி வாங்கிவிடுவார்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி. சிரித்தார், அவ்வளவுதான். செய்தவை எல்லாம் வீட்டில் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். கிறகோரிக்கு அவற்றைக் காட்டிலும் அலுமாரி விழுந்துவிடும் என்ற கவலைதான் கூட.

4

இனி நகரும்.

தவக்காலத்தில் அவர்களுடைய தேவாலயப் பங்கிலே, ஆண்டவரின் சிலுவைச் சாவைக் காட்டும் திருப்பாடுகளின் நாடகம் போடுவார்கள். உரோமைப் போர்வீரர் பன்னிரண்டு பேர். வழக்கமாகத் தகரத் தொப்பிகளை வெளியிலிருந்து வாடகைக்கு எடுப்பார்கள். இந்த முறை ஸ்ரெல்லா தானே போய், “நான் செய்து தாறன்” என்று கேட்டார். அலுமாரிக்கு மேலே போகாமல் ஒரு சாமானாவது மேடைக்குப் போகவேண்டும் என்ற ஆசை. அதை எனக்குச் சொல்லும்போது குரல் சின்னதாகிவிட்டது. கதையின் உயிர் இந்த ஆசையில்தான் இருக்கிறது. வேறெங்கும் தேடவேண்டாம்.

நாடகத்துக்குப் பொறுப்பு சிமியோன். ஐஸ் லொறி ஓடுகிறவர். நூற்றுவர் தலைவன் வேடமும் அவருக்குத்தான். “செய்யுங்கோ பாப்பம்” என்றார்.

சிமியோனைத் தவிர மற்றப் போர்வீரர் எல்லாரும் கடற்தொழிலாளிகள். அவர்களை ஒன்றாகப் பிடிக்கவேண்டுமென்றால் விடிய, வள்ளம் கரைக்கு வரும்போதுதான் பிடிக்கலாம். அளவெடுக்கிற வேலை கிறகோரிக்கு. அவரிடம் அளவுநாடா ஏது? மடியில் தங்கூசி இருந்தது. வலைக்காரர் வைத்திருக்கிற நைலோன் நூல்தான். தலைக்கு ஒரு துண்டு சுற்றி வெட்டினார். ஆருடைய தலை என்று தெரிய முடிச்சு. ஒரு முடிச்சு லெனாட், இரண்டு முடிச்சு லெனாட்டின் மச்சான், இப்படிப் பன்னிரண்டு முடிச்சு சிமியோன்.

வீட்டில் ஸ்ரெல்லா ஒரு நுனியைப் பிடிக்க, கிறகோரி மற்ற நுனியைப் பிடிக்க, ஏ-ஃபோர் பேப்பர் வருகிற பெட்டி மட்டையில் அளவைக் குறித்தார்கள். வெட்டினார்கள். ஒட்டினார்கள். வெள்ளிப் பெயின்ற் அடித்தார்கள். மேலே கொண்டைக்குப் பனந்தும்பு, சிவப்புச் சாயம் போட்டது. பின்கழுத்தை மறைக்க ஒரு மட்டை, கன்னத்துக்கு இரண்டு.

பன்னிரண்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தேன். பேப்பர் பெட்டி என்று ஆரும் சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டீர்கள்.

5

புதன்கிழமை பின்னேரம் ஒத்திகை. நான் திருநீறு பூசுகிற ஆள். பின்வரிசையில், பிளாஸ்ரிக் கதிரையில் அடக்கமாக இருந்தேன்.

தொப்பிகள் பெரிதாக இருந்தன. இரண்டு விரல், எல்லாருக்கும், ஒரே மாதிரி. முதலில் லெனாட் ஈட்டியை ஒரு கையாலும் தொப்பியை மற்றக் கையாலும் பிடித்தார். அவருடைய மச்சான் உள்ளே துவாய்த்துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். உரோமை வீரனுடைய காதுக்குப் பக்கத்தில் கட்டம்போட்ட துவாய் தொங்கியது. சனம் சிரித்தது. அதுவரைக்கும் பரவாயில்லை.

பிறகு ஆண்டவர் உயிர் விடுகிற இடம். எல்லாரும் அமைதி. சிமியோன் சிலுவையடியில் முழங்காலில் நின்று, தலையை நிமிர்த்தி மேலே பார்த்து, ‘இவர் உண்மையாகவே இறைமகன்’ என்ற தன்னுடைய ஒரே வசனத்தைச் சொல்லவேண்டும். நிமிர்ந்தார். பின்கழுத்து மட்டை தோளில் முட்டி, தொப்பியை முன்னுக்குத் தள்ளியது. அது மூக்கு வரைக்கும் இறங்கியது. வசனம் தொப்பிக்குள்ளே கேட்டது.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பாதர் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்தினார். சிலுவையில் செத்துத் தொங்கியவருடைய வயிறும் குலுங்கியது.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பி ஸ்ரெல்லாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு சிரிக்கவில்லை.

“சேர்,” என்றார், “ஆண்டவர் சாகிற இடத்திலை சனம் சிரிச்சுது. என்ரை தொப்பியாலை.”

சிமியோன் கெட்டவர் அல்ல. (முதல் வரைவில் அவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். ஐஸ் லொறியை விட்டு இறங்கியவுடனே வில்லனாகமாட்டேன் என்றுவிட்டார்.) மெதுவாகத்தான் சொன்னார். “வெள்ளி பின்னேரம் வந்து போட்டுப் பாக்கிறன் தங்கச்சி. சரிவராட்டித் தகரத் தொப்பிதான். குறை நினையாதேங்கோ.”

நாடகம் சனிக்கிழமை.

6

பிழை எங்கே? கணித வாத்தி நான், கண்டுபிடித்தேன். பன்னிரண்டு முடிச்சுத் தங்கூசியை மேசையில் சும்மா வைத்து அளந்தால் ஐம்பத்தேழு சென்ரிமீற்றர். ஸ்ரெல்லாவையும் கிறகோரியையும் ஆளுக்கொரு நுனியைப் பிடிக்கச் சொல்லி அளந்தால் அறுபத்தொன்று.

“ஏன் இழுக்கிறியள்?” என்று கேட்டேன்.

“ஆர் இழுத்தது?” என்றார் கிறகோரி, இழுத்தபடி.

“நீங்கள்தான் இழுக்கிறியள்,” என்றார் ஸ்ரெல்லா, அவரும் இழுத்தபடி.

ஒருவர் நாற்பது வருடமாக வலை இழுக்கிறவர். மற்றவர் வலை இழுத்தவரின் மகள். தங்கூசியைத் தொய்ய விட்டுப் பிடிக்க இரண்டு பேருடைய கைக்கும் தெரியாது. நைலோன் இழுபட்டிருக்கிறது, தலைக்கு நாலு சென்ரிமீற்றர் வீதம்.

கொஞ்ச நேரம் மாறி மாறிப் பேச்சு. கடைசியில் கிறகோரி, “உள்ளுக்கை ஸ்பொஞ்ச் வைச்சு ஒட்டிவிடன், விடு” என்றார்.

“வேர்த்தால் ஸ்பொஞ்ச் வழுக்கும். திரும்பவும் அந்த இடத்திலை சிரிப்பினம். பன்னிரண்டையும் வெட்டுவம்.”

வெட்டினார். பெயின்ற் அடித்து முடித்த பன்னிரண்டையும், பின்பக்கம், நடுவால். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னுடைய ஒரு பத்தியை வெட்டவே எனக்கு ஒரு கிழமை எடுக்கும்.

வியாழன் விடிய கிறகோரி மறுபடி கரைக்குப் போனார். இந்த முறை கடதாசி நாடாக்களோடு. கடை இரண்டு நாள் பூட்டு. மூடியில் ‘மெசின் பழுது’ என்று ஸ்ரெல்லா ஒட்டிவிட்டு வந்திருந்தார், உண்மையான மெசினில்.

எனக்கும் வேலை தந்தார்கள். பசை பிடிக்கும் வரைக்கும் ஒட்டிய இடத்தை இரண்டு விரலால் அமத்திக்கொண்டு முந்நூறு வரை எண்ணவேண்டும். எண்ணத்தானே படித்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான்.

7

முந்நூறு எண்ணுகிற நேரத்தில் மூன்று முடிவு யோசித்தேன்.

(அ) நாடகம் முடிய, பாதர் மைக்கில் ஸ்ரெல்லாவின் பெயரைச் சொல்கிறார். சனம் கைதட்டுகிறது. அவர் கண்ணைத் துடைக்கிறார். (ஸ்ரெல்லாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். “பாதர் உப்பிடி ஒண்டும் கதைக்கமாட்டார் சேர். அவர் மைக்கிலை செருப்புத் துலைஞ்ச கதைதான் சொல்லுவார்.”)

(ஆ) தகரத் தொப்பிகள் வருகின்றன. பன்னிரண்டு மட்டைத் தொப்பிகளும் அலுமாரிக்கு மேலே ஏறுகின்றன. ஒரு சிவப்புத் தும்பு மட்டும் காற்றில் (இது பரிசு வாங்கக்கூடிய முடிவு. அதனாலேயே எனக்கு இதில் பயம். இதை அவருக்குச் சொல்லவில்லை.)

(இ) எட்டு முடிகிறது, நாலு முடியவில்லை. எட்டு மட்டை, நாலு தகரம். வாழ்க்கை அப்படித்தான் என்று ஒரு வசனம். (“சேர், கதைச்சது காணும். விரலை எடுக்காதேங்கோ.”)

8

வெள்ளி பின்னேரம் ஐந்தரைக்குப் பன்னிரண்டாவதும் முடிந்தது. ஆறு மணிக்கு சிமியோன் வந்தார். லொறியிலிருந்து நேரே வந்ததால் காற்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. தொப்பியைக் கையில் வாங்கி, சுற்றிப் பார்த்து, தலையில் வைத்தார்.

“அந்த இடத்தைச் செய்யுங்கோ அண்ணை,” என்றார் ஸ்ரெல்லா. “முழங்காலிலை நிண்டு, நிமிந்து. வசனத்தையும் சொல்லிப்போடுங்கோ.”

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “என்னாலை பாக்க ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் தொப்பியை வடிவாப் பாருங்கோ. வேறை ஒண்டையும் பாக்காதேங்கோ.” சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிமியோன் முற்றத்து மண்ணில் முழங்காலில் நின்றார். எதிரே சிலுவை இல்லை, தண்ணீர்த் தாங்கிதான் இருந்தது. கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தபடி இருந்தார். பிறகு நிமிர்ந்தார். தன் கையால் கொல்லப்பட்டவர் ஆரென்று அப்போதுதான் விளங்கிய ஒருவனுடைய வசனம் அது. புதன்கிழமை தொப்பிக்குள்ளே கேட்ட அதே வசனம். அதைச் சொன்னார்.

அவருடைய கண்ணிலிருந்து நீர் இறங்கியது. கிறகோரி நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அந்த முற்றத்தில் எனக்குப் போர்வீரன் ஒருவன்தான் தெரிந்தான். ஐஸ் லொறிக்காரர் எங்கே போனாரென்று தெரியாது.

“தொப்பி அசைஞ்சதோ?” ஸ்ரெல்லா சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

கிறகோரி என்னைப் பார்த்தார். நான் கிறகோரியைப் பார்த்தேன்.

“நான் அவரின்ரை முகத்தைத்தான் பாத்தனான்,” என்றார் கிறகோரி.

“சேர்?”

நானும் பார்க்கவில்லை. தொப்பியைப் பற்றிக் கதை எழுத வந்தவன், பார்க்கவேண்டிய அந்த ஒரு கணத்தில் தொப்பியை மறந்துபோனேன். சிமியோன் இன்னும் முழங்காலில் நிற்கிறார். ஸ்ரெல்லா இன்னும் திரும்பவில்லை. இந்த முற்றத்தில் எங்களோடு நின்ற இன்னொரு ஆள், இதை வாசிக்கிற நீங்கள்தான்.

தொப்பி அசைந்ததோ என்று ஸ்ரெல்லா கேட்கிறார். சொல்லுங்கள்.