வெப்பக் குறி

ஜன்னல் கண்ணாடிகளைச் சாத்திக் கொக்கி போட்டபோது காலை பத்தேகால். பிறகு மின்விசிறியை நிறுத்தினேன். அது சுற்றி ஓய்ந்ததும் அறையில் இருந்த காற்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. முக்காலியின் மேல் வாடகைக்கு எடுத்த மிரர்லெஸ் கேமரா இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும், மாலை ஆறு மணிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். அதற்கு எதிரே சாப்பாட்டு மேசை நாற்காலியில் என் மனைவி, சாம்பல் நிற அட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நிறம் சரிபார்க்கிற அந்த அட்டையை எப்போது தூக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று நான் சொல்வதே இல்லை. பதினோரு வருடப் பழக்கம்.

"இப்படியே போதுமா, இல்ல ஜன்னல் பக்கம் திருப்பணுமா?"

"லேசா திருப்பு. போதும், போதும்."

என் கைக்கு வந்த ஒவ்வொரு கேமராவும் முதலில் பார்த்த முகம் அவளுடையதுதான். மாநிறம், இடது கன்னத்தில் ஒரு பழைய தழும்பு, கழுத்தோரம் சீக்கிரமே நிழல் விழும் வாகு. கேமரா பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல முகம் கிடையாது என்று கல்யாணமான புதிதில் சொன்னேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். அப்போது நான் சொன்ன எல்லாவற்றையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வீட்டு ஆல்பத்தில் அவள் சிரிக்கிற படம் ஏழெட்டுத் தேறினால் பெரிது. அட்டையோடு உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் மூன்று ஹார்ட் டிஸ்க் நிறைய இருக்கிறது.

ஆறு வருடமாக எனக்கு இயக்கப் படம் இல்லை. தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புக் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடி, ஈரத் தரையில் ஓடாதே. கதாநாயகன் ஒரு மஞ்சள் தலைக்கவசம். இந்த நிலையில்தான் ஒரு தயாரிப்பாளர் என் கதையைக் கேட்டார், பிடித்திருக்கிறது என்றார். ஒரு சின்ன அறை, இரண்டு பேர், வெட்டே இல்லாமல் நாற்பது நிமிடம் ஓடும் ஒரு காட்சி. பெரிய கேமராவும் அதைத் தூக்கும் ஆட்களும் அந்த அறைக்குள் நுழைந்தால் நடிக்கிறவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான் என்று விளக்கினேன். "அதுக்காக போட்டோ புடிக்கிற கேமராவுல படமா? பெரிய திரையில போட்டுக் காட்டுங்க. முகம் பிசிறில்லாம நின்னா எடுப்போம். இல்லன்னா மன்னிச்சுக்கங்க" என்றார். இன்று மாலை நாலு மணிக்கு பிரிவியூ தியேட்டருக்கு வருவார். எனக்கு நாற்பத்தாறு வயது. இதுவும் கைவிட்டுப் போனால் அடுத்தது என்று ஒன்று வராது. 

காலையிலேயே சில சோதனைகளை முடித்திருந்தேன். பால்கனிக் கம்பிகளின் குறுக்கே கேமராவைச் சட்டென்று திருப்பினேன். படத்தில் கம்பிகள் கொஞ்சம் சாய்ந்தன, மன்னிக்கக்கூடிய சாய்வுதான். ஜன்னலுக்கு வெளியே மேகம் வெளுத்துப்போகாமல் மேகமாகவே வந்தது. அலமாரிக்குள் தொங்கிய கறுப்புச் சட்டை கறுப்பாக இருந்தது. மிச்சம் இருந்தது சூடு. இந்த ரகக் கேமராவுக்குள் காற்றோட்டம் கிடையாது. மூடிய அறையில் நீளமாக ஓடவிட்டால் உள்ளே கொதித்து, பின்பக்கத் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெப்பமானிக் குறி சிமிட்டும். பிறகு யாரையும் கேட்காமல் அணைந்துவிடும். எனக்கு நாற்பது நிமிடம் அணையாமல் நிற்க வேண்டும். அதுவும் ஆள் முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. காது கேட்கும் அளவைச் சோதிக்கிறவள். ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வாள். கேட்காமலே தூக்குகிறவர்கள் நிறைய உண்டாம். அதனால் நடுநடுவே சத்தமே கொடுக்காமல் சும்மா இருந்து பார்ப்பாள். அப்போதும் கை எழுந்தால், லேசாகத் தலையசைத்துவிட்டுத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். சொல்லிக்காட்ட மாட்டாள். "பாவம், என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் தூக்கறாங்க" என்று ஒருமுறை சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தாள்.

வேறு ஊர்க் கிளையில் ஒரு பிரிவுக்கே பொறுப்பாளராக வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. போனால் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டுதான் போவாள். நான் இங்கே இருப்பேன். அப்படித் தற்காலிகமாகப் பிரிந்த வீடுகள் பிறகு ஒட்டியதை நான் அதிகம் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று சனிக்கிழமை. அவள் பேச்சை எடுத்தபோதெல்லாம் நான் இந்தக் கேமராவைப் பற்றி எவனாவது எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை மகளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து, முகம் கழுவி, நான் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"டெஸ்ட் முடியட்டும்மா. சாயங்காலம் நிதானமா பேசலாம்" என்றேன்.

"சாயங்காலம் படம் ஓகேன்னா ஊர் பூரா போன் பண்ணுவீங்க. இல்லன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க. இந்த நாப்பது நிமிஷம்தான் நீங்க எங்கயும் ஓட முடியாது. இப்பவே பேசறேன்."

"பேசு. வாய் அசைஞ்சா நல்லதுதான். ஃபோகஸ் நிக்குதான்னு பாக்கலாம்."

இதைச் சொன்ன புண்ணியவான் நானேதான். அவள் அட்டையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்னு சொன்னா இருந்துடறேன். போன்னு சொன்னா போறேன். எதுவா இருந்தாலும் நீங்க சொல்லணும். நான் சொல்றத முழுசா கேட்டுட்டு, என் முகத்தப் பாத்துச் சொல்லணும். அவ்வளவுதான்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். ஒலியை அணைத்திருந்தேன். படத்துக்கு ஒலி தனியாகத்தான் எடுப்போம்; கேமராவுக்கு எதற்கு அந்தச் சுமையும் என்று.

அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக. ஆனால் பின்பக்கத்து மூன்று அங்குலத் திரையில். கண்ணைச் சுற்றி, ஃபோகஸ் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு சின்னக் கட்டம் ஒட்டிக்கொண்டு கூடவே நகர்ந்தது. அவள் தலையைத் திருப்பினால் திரும்பியது, குனிந்தால் குனிந்தது. அந்தக் கட்டத்தை நம்பி என் உயிர் இருந்தது. புது ஊரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அவள் சொன்னது கேட்டது. பிறகு எங்கள் இருவரைப் பற்றி ஏதோ தொடங்கினாள். அதற்குள் கட்டம் நாற்காலி முதுகுக்குத் தாவிவிட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. நோட்டில் நேரத்தைக் குறித்தேன். "ம்" என்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவின் முதுகில் விரலை வைத்துச் சூடு பார்த்தேன், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல. இருபதில் வெதுவெதுப்பு. இருபத்தைந்தில் விரலை வைத்து எடுக்கவேண்டியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "ம்" என்றேன். அணையாதே, அணையாதே, உன் காலில் விழுகிறேன் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

முப்பத்தோரு நிமிடம் பன்னிரண்டு வினாடியில் வெப்பக் குறி சிமிட்டியது.  நேரத்தைக் குறித்துவிட்டு, நோட்டாலேயே கேமராவுக்கு விசிறினேன். விசிறினால் சோதனை செல்லாது என்று உறைத்ததும் நிறுத்தினேன். அப்போது அறை அமைதியாக இருப்பதுபோல் தோன்றியது. ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று புரிந்தது. குறியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிம்மா, அப்படியே செஞ்சிடலாம்" என்றேன்.

கேமரா அணையவில்லை. நாற்பத்து மூன்றாம் நிமிடத்தில் மெமரி கார்டு நிறைந்து தானாக நின்றது, சூட்டால் அல்ல. ஜன்னலைத் திறந்துகொண்டு நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மனைவி எழுந்து மின்விசிறியைப் போட்டாள். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா வந்திருக்கா?"

"பிரமாதம். நீ இல்லன்னா நடந்திருக்காது."

"அப்போ ஆஸ்பத்திரிக்கு எழுதிடறேன்."

"எழுதிடு, எழுதிடு" என்றேன். கார்டைக் கணினியில் செருகிக்கொண்டிருந்தேன்.

பிரிவியூ தியேட்டரில் முப்பது இருக்கைகள். தயாரிப்பாளர் நடுவில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில், அவர் நம்பி அழைத்துவந்திருந்த கலர் சரிசெய்கிறவர். விளக்கு அணையும் நேரத்தில் என் போனில் மனைவியின் செய்தி வந்தது. "பதில் அனுப்பிட்டேன். நீங்க சொன்னபடிதான்."

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டேன். போட்ட கை பையிலேயே நின்றுவிட்டது. நான் என்ன சொன்னேன்? அப்படியே செய்யலாம் என்று சொன்னேன். எப்படியே? நோட்டைப் புரட்டினேன். கட்டம் தாவிய நேரம், பேட்டரி எத்தனை சதவீதம், எத்தனையாவது நிமிடத்தில் எவ்வளவு சூடு, எல்லாம் சுத்தமான கையெழுத்தில் இருந்தது. அவள் சொன்னது ஒரு வார்த்தை இல்லை. போன் போட்டு, எதற்குச் சரி சொன்னேன் என்று கேட்கலாம். கேட்டால், நான் எதையுமே கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னதாக ஆகிவிடும். அவள் போகவில்லை என்றாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு போய்விடுவாள். 

திரை முழுக்க அவள் முகம் வந்தது. இருபதடி அகலத்துக்கு அந்தத் தழும்பு, நெற்றியில் வியர்வையின் முதல் பொட்டு. கீழே ஓரமாக நேரம் ஓடியது. சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"தோல் நல்லா இருக்கு" என்றார் கலர்காரர். "சூடேறின எடத்துக்குப் போங்க. சூடானாத்தான் நிழல்ல புள்ளி புள்ளியா பிசிறடிக்கும். எத்தனாவது நிமிஷம்?"

"முப்பத்தொண்ணு பன்னெண்டு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லவேண்டியிருந்தது.

அந்த இடத்தில் அவள் பேசவில்லை. உதடுகள் மூடியிருந்தன. லென்சைப் பார்க்காமல் அதற்குச் சற்று மேலே, நான் குனிந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கோபம் இல்லை, அழுகை இல்லை. சில வினாடிகள் போனதும் புருவம் கொஞ்சம் உயர்ந்து இறங்கியது. பிறகு ஒரே ஒரு முறை தலையசைத்தாள். மடியில் இருந்த அட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் மெதுவாக ஒரு கோடு இழுத்தாள்.

"அந்த அட்டைகிட்ட கொஞ்சம் புள்ளி தெரியுது" என்றார் கலர்காரர். "எடுத்துடலாம், பெரிய விஷயமில்ல."

கேள்வியை அதற்கு முன்னால் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டுத்தான் காத்திருக்கிறாள். உதட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். கொஞ்சம் பின்னால் போகச் சொன்னேன். முப்பதாம் நிமிடம். உதடுகள் மூடியிருந்தன. இருபத்தொன்பது. மூடியிருந்தன; நடுவில் ஒரு தலையசைப்பு, ஒரு கோடு. அந்த இடத்தில் நான் "ம்" சொல்லியிருக்க வேண்டும். இருபத்தெட்டிலும் அவள் பேசவில்லை. கேமராப் பையில் அந்த அட்டையும் இருந்தது. வெளியே எடுத்து, திரையிலிருந்து வந்த வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் ஐந்து கோடுகள், எல்லாம் ஒரே அளவு இடைவெளியில்.

"யாருங்க இவங்க?" என்றார் தயாரிப்பாளர். "ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருக்காங்க. கண்ண எடுக்க முடியல."

"என் மனைவி சார்."

"நடிப்பாங்களா?"

"இல்ல சார்."

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு இருக்கைக் கையில் தட்டி, "சரி. இந்தக் கேமராவுலயே எடுப்போம்" என்றார். கலர்காரர் என் பக்கம் எட்டிக் கை கொடுத்தார். ஆறு வருடம் காத்திருந்த வார்த்தை. ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. முதலில் சொல்லவேண்டியவளின் பெயர்தான் சட்டைப்பைக்குள் இருந்த போனில் கடைசியாக வந்திருந்தது.

"போதுமா, நிறுத்திடலாமா?" என்று பின்னாலிருந்து கேட்டார் தியேட்டர் ஆபரேட்டர்.

இருபத்தாறோ இருபத்தைந்தோ, எங்கோ ஒரு நிமிடத்தில் அவள் கடைசியாகப் பேசியிருக்கிறாள். அதற்கு முன்பு என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறாள்.  இன்னும் பின்னால் போகச் சொல்லி, இருட்டில் கையைத் தூக்கினேன். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் குறுக்கே போய், கையின் நிழல் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பெரிதாக எழுந்து நின்றது. திரையில் அவள் அதைப் பார்ப்பதுபோலவே இருந்தாள். பிறகு லேசாகத் தலையசைத்தாள்.