ஷரீஃபா விற்ற பிரிட்ஜ்

பழைய பிரிட்ஜை வாங்கி வைத்த மூன்றாம் நாள் காலையில், சகாயசெல்வி வைக்காத மீன் குழம்பு ஒரு கிண்ணத்தில் அதற்குள் இருந்தது. சூடாகவே இருந்தது. கணவர் இறந்து பதினோரு வருடமாக நாகல் நகர் வீட்டில் தனியாக இருப்பவர் அவர். மோந்து பார்த்தார், சாப்பிட்டார், கிண்ணத்தைக் கழுவி உள்ளேயே வைத்தார். மறுநாள் அதே கிண்ணத்தில் கத்தரிக்காய் வெஞ்சனம்.

பிரிட்ஜை விற்றவர் ஷரீஃபா. புருஷன் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு வாடகை வீட்டைக் காலி செய்து எரியோட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒன்பதாயிரம் கேட்டார். வாசலில் வேன் காத்து நிற்பதைச் சகாயசெல்வி பார்த்துவிட்டார். "மூவாயிரம்னா இப்பவே எடுத்துக்கிறேன், இல்லைன்னா போறேன்" என்று படி இறங்கினார். ஷரீஃபா கூப்பிட்டுக் கொடுத்தார். பழைய சாமானை அடித்துப் பேசி வாங்குவதை ஊரில் யாரும் தப்பென்று சொல்வதில்லை.

ஒன்றரை வருடம் தினமும் சாப்பாடு வந்தது. நோன்பு மாதத்தில் மட்டும் பொழுது சாய்ந்த பிறகு, கஞ்சியாக வந்தது. தனக்கென்று யாரோ சமைப்பதுபோல் இருந்தது சகாயசெல்விக்கு. வெளியே சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கறி குறைந்தது, குழம்பு ரசமானது. ஒரு ஆடி மாதம் அரைக் கிண்ணம் நீராகாரம் மட்டும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் நின்றவருக்கு, அது யார் வீட்டு அடுப்படியிலிருந்து வருகிறது என்பது புரிந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. பஸ் ஏறினார்.

எரியோட்டில் ஷரீஃபா பாதியாக இளைத்திருந்தார். "ஆக்கி வச்சா ஒரு பங்கு காணாமப் போயிருதுக்கா. பூனைன்னு நெனச்சு ஜன்னலெல்லாம் சாத்திப் பாத்தேன்" என்றார்.

"பூனையில்ல, நாந்தான். உங்க பிரிட்ஜுக்குள்ள வந்துச்சு, நான் சாப்பிட்டுட்டேன்" என்று சகாயசெல்வி மீதி ஆறாயிரத்தை எடுத்து வைத்தார். "நீங்க அவசரத்துல இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அம்புட்டுக் கம்மியாக் கேட்டேன்."

ஷரீஃபா பணத்தை எண்ணிப் பார்த்தார். "அன்னைக்கே இது இருந்திருந்தா தையல் மெஷின வித்திருக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லி எடுத்துக்கொண்டார். டீ குடிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் பிரிட்ஜ் காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் சகாயசெல்வி காலையில் அதன் கதவைத் திறந்து, உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டு மூடினார். எட்டாம் நாள் புளிக்குழம்பு வைத்து, கிண்ணம் நிறைய ஊற்றி உள்ளே வைத்தார். விடிந்து பார்த்தபோது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

இப்போது நாலு வருடமாகிறது. இருவரும் போனில்கூடப் பேசிக்கொண்டதில்லை. சகாயசெல்வி தினமும் இரண்டு பேருக்கு உலை வைக்கிறார். உப்புக் கூடிப்போன நாட்களில் மட்டும் கிண்ணம் பாதியோடு திரும்பி வரும்.