கழுத்தளவு

நிமிடத்துக்கு இரண்டு காலர். அந்தக் கணக்குத் தவறாமல் தைத்ததால் சட்டைத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் ‘காலர் அக்கா’. ஒரு மாதமாக, புழுக்கம் தாங்காத தளத்திலும் கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கியிருந்தாள். அதற்கடியில், வலப்பக்கம், கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. தொட்டால் வலித்தது. சாயங்காலமானால் காய்ச்சல் வேறு.

தினமும் கழிவறைக்குள் போய் அளவு நாடாவால் கழுத்தை அளந்து பார்ப்பாள். பதின்மூன்று இஞ்ச் இருந்தது பதின்மூன்றரை ஆகியிருந்தது. ஊரார் கழுத்துக்கெல்லாம் அளவு தெரிந்தவளுக்குத் தன் கழுத்து பிடிபடவில்லை. அந்த அரை இஞ்ச் புற்றுநோயாக இருக்குமோ என்று மறுபடியும் அளந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து ஒரு துண்டை மட்டும் அறுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மறுநாள் துப்பட்டா விலகியதில் கட்டு தெரிந்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட சூப்பர்வைசர் இரண்டடி பின்னால் போனார்.

“காசநோயா இருந்தா எல்லாருக்கும் ஒட்டிக்கும்மா. ஒட்டாதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. உன் மெஷின் எங்கயும் ஓடிப்போயிடாது.”

பத்து நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பதினோராம் நாள் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“புற்றுநோய் இல்ல, காசநோயும் இல்ல. கிகுச்சின்னு பேரு. ரொம்ப அபூர்வம். கழுத்துல நெறி கட்டும், காய்ச்சல் வரும். யாருக்கும் ஒட்டாது. ரெண்டு மூணு மாசத்துல தானா அடங்கிடும். அப்பப்ப வந்து காட்டு, போதும்.”

ஒட்டாது என்று கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்து நோயின் பெயரைச் சொன்னாள். வாசலில் நின்ற கணவன், “சோப்புப் பேரு மாதிரி இருக்கே! இதுக்கா இத்தன நாள் சோறு எறங்காம கெடந்தோம்?” என்றான். இருவரும் நடுத்தெருவில் நின்று சிரித்தார்கள்.

மறுநாள் காலை கடிதத்தை நீட்டினாள். சூப்பர்வைசர் கை நீட்டவில்லை.

“மேசைல வை.”

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து படித்தார்.

“ஒட்டாதுன்னுதான் போட்டிருக்கு. ஆனா இப்படி ஒரு வியாதிய யாரும் கேள்விப்பட்டதே இல்லையேம்மா. காசநோய்னாகூட மருந்து சாப்பிட்டுட்டு வான்னு சொல்லலாம்.”

“நீங்கதானே சார் எழுதி வாங்கிட்டு வரச் சொன்னீங்க?”

“மத்தவங்க பயப்படுறாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

அவர் தோளுக்குப் பின்னால் அவளுடைய மெஷினில் வேறொருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் மேசையிலிருந்த மர அளவுகோலை எடுத்து, கடிதத்தையும் அதன் பக்கத்திலிருந்த பாலித்தீன் பையையும் அவள் பக்கம் தள்ளினார். பைக்குள் அவளுடைய கத்தரிக்கோலும் நாடாவும் இருந்தன.

வெளிக்கதவு பின்னால் சாத்திக்கொண்டது. சுவரோரம் நின்று, பையின் முடிச்சை அவிழ்த்து நாடாவை எடுத்தாள். தையல் பிரித்த தழும்பு வலிக்காமல் மெல்லச் சுற்றினாள்.

பதின்மூன்றே கால். கட்டி வற்றத் தொடங்கியிருந்தது.