மூன்றாம் ஓலை

கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் அதை அறிவித்து ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். மரிய புஷ்பத்துக்கு இரண்டு வாசித்தாயிற்று. வரதராஜன்பேட்டையே பந்தல் பேச்சு பேசிக்கொண்டிருந்த சனிக்கிழமை சாயங்காலம், ஓலை வாசிக்கும் உபதேசியார் செல்வநாதன் அவள் வீட்டுக்குள் நுழைந்தார்.

"மாப்பிள்ளை வூட்டுல வித்ட்ரா பண்ணிக்கிறாங்களாம்."

அப்பா பிலவேந்திரன் விழித்தார். அடுப்படியில் நின்ற மரிய புஷ்பத்துக்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை லூர்துராஜுக்குத் திருச்சியில் மிலிட்டரி ஆபீஸ் உத்தியோகம் கிடைத்ததிலிருந்தே அவன் அம்மா இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அப்படின்னா என்னங்க உபதேசியாரே?" என்றாள்.

"பாங்கியில போட்ட பணத்தை எடுத்தாலும் வித்ட்ராதாம்மா. கோர்ட்டுல கேசை வாபஸ் வாங்கினாலும் அதான். பர்மாவுல பட்டாளம் பின்வாங்குச்சே, அதுக்கும் அதான். கவுரவமான வார்த்தை."

"நல்லாயிருக்கு கவுரவம்! ஓடிப்போனதுக்கும் பேச்சு மாறினதுக்கும் ஒரே மூடியா? நான் என்ன அவங்க போட்டு வச்ச பணமா, வேணும்போது எடுத்துக்க?"

செல்வநாதன் அப்பாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டு வூட்டாரும் மனசொத்து விலகிக்கிட்டதா நாளைக்கு வாசிச்சுடுறேன். பொண்ணு பேரு கெடாது." அப்பா தலையாட்டிவிட்டார்.

பேர் கெடாதாமே! ரெண்டு ஓலையோடு கல்யாணம் நின்றால் ஊர் சும்மா விடுமா? பெண்ணிடம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் இவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள் என்று பேசும். அவன் ஜம்மென்று வேறொருத்தியைக் கட்டிக்கொள்வான். இவள் வாசற்படியை எவன் மிதிப்பான்?

ஓலை வாசிக்கும் ஞாயிறு பெண் கோயிலுக்குப் போகக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். மரிய புஷ்பம் போனாள். பெண்கள் பக்கம் முன்னாலேயே உட்கார்ந்தாள். பிரசங்கம் முடிந்ததும் செல்வநாதன் எழுந்தார்.

"லூர்துராஜுக்கும் மரிய புஷ்பத்துக்கும் நடக்கவிருந்த விவாகத்திலிருந்து இரு வீட்டாரும் மனமொத்து..."

"இரு வீட்டாரும் இல்லீங்க." அவள் எழுந்து நின்றாள். "எங்க வூட்டுல யாரும் வெலகல. வெலகினவங்க பேரை மட்டும் வாசிங்க."

கோயிலே சலசலத்தது. ஜெபம் தவிர ஒரு பெண் அங்கே வாய் திறந்ததை யாரும் கண்டதில்லை.

"ஒக்காரும்மா. இது கோயிலு."

"கோயிலுங்கறதாலதான் கேக்குறேன். இங்க பொய்யை வாசிக்கலாமா?"

ஆண்கள் பக்கத்திலிருந்து பிலவேந்திரன் எழுந்தார். "எம்மவ சொல்றதுதாங்க நெசம். புத்தி கெட்டுப்போயி நேத்து நான்தான் தலையாட்டிட்டேன்."

பீடத்தில் இருந்த சாமியார் திரும்பி உபதேசியாரைப் பார்த்தார். "உள்ளதை வாசியும்."

செல்வநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, லூர்துராஜ் வீட்டார் விலகிக்கொண்டார்கள் என்று பாதிக் குரலில் வாசித்தார்.

மரிய புஷ்பம் உட்காரவில்லை.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது. சத்தமா இன்னொரு தரம் வாசிங்க."