வருகிறானா, போகிறானா

அருங்காட்சியகத்தில் காவலர் வேலை என்றதும், "உனக்கென்ன, நாற்காலியில உட்கார்ந்தே சம்பளம்" என்று எங்கள் தெருவே சொல்லும். சொல்லட்டும். எட்டு மணி நேரம் அதே நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம். பத்தொன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் நான் பேசியதையெல்லாம் திரட்டினால் இரண்டே வாக்கியம்தான் தேறும். "தொடாதீங்க." "கழிப்பறை இடது பக்கம்."

அதனால்தான் அந்தச் சுற்றறிக்கை வந்த அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரசு அருங்காட்சியகங்கள் ஐந்திலும் ஒரே நாளில் சிறப்புக் கண்காட்சி. படங்களைத் தேர்ந்தெடுக்கப்போவது காவலர்கள்! ஆளுக்கொரு படம். படம் அதன் சுவரிலேயே இருக்கும். பக்கத்தில், அந்தக் காவலர் நாற்பது வார்த்தைக்குள் எழுதிய அட்டையை மாட்டுவார்கள். கண்டிப்பாகச் சொந்த வார்த்தையாம்.

எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. ஆறாம் அறையில் என் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருக்கும் பெரிய படம்தான். திறந்த வாசல், வெளியே கொட்டுகிற மழை. வாசல் நிலையில் முதுகைச் சாய்த்து ஒருத்தன் பெட்டியோடு நிற்கிறான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வரைந்தவர் பெயர் வைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு அதிகாரி 'வீடு திரும்பியவன்' என்று பித்தளைத் தகட்டில் அடித்து மாட்டிவிட்டார்.

எனக்கு அந்தத் தகட்டைப் பார்த்தாலே எரியும். நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

"இவன் வரவில்லை, போகிறான். வெளியே அடைமழை. ஆனால் இவன் காலடித் தரை காய்ந்து கிடக்கிறது. பெட்டியிலும் சொட்டு ஈரமில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். யார் போகச் சொன்னார்களோ, பாவம்."

ஒரு வாரம் கழித்து அச்சடித்த அட்டை வந்தது. "இல்லம் மீளும் கணத்தின் உளநிலையை ஒளி நிழல் முரணின் வழியே..." அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. கீழே மட்டும் கொட்டை எழுத்தில் 'தேர்வும் குறிப்பும்: ஆறாம் அறைக் காவலர்'. எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அட்டையும் கையுமாகக் காப்பாட்சியர் அறைக்குப் போனேன். முப்பது வயதுப் பையன், நிறையப் படித்தவர், தங்கமான குணம். அதுதான் தொல்லை, திட்டவும் மனசு வராது.

"சார், இது யார் எழுதினது?"

"நான்தான்க்கா. நீங்க எழுதினதைக் கொஞ்சம் சீர் பண்ணினேன்."

"சீர் பண்ணினீங்களா? போறவனைப் பிடிச்சு வீட்டுக்குள்ள தள்ளியிருக்கீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருக்கேன். தரையே தெரியாது. கீழ்ப்பாதி முழுக்க இருட்டு."

"எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"காலையில, பதினொரு மணிவாக்குல."

"நின்னுக்கிட்டா, உட்கார்ந்தா?"

"படத்தை யாராவது உட்கார்ந்து பார்ப்பாங்களா?"

"நான் பார்ப்பேன் தம்பி!" கோபம் வந்தால் சார் போய்த் தம்பி வந்துவிடும். "நின்னு பார்த்தா வார்னிஷ் பளபளப்பு கண்ணை மறைக்கும். இன்னைக்கு நாலு மணிக்கு வந்து உட்காருங்க."

"நாலு மணிக்கு மீட்டிங் இருக்கே."

"அப்போ கீழே 'ஆறாம் அறைக் காவலர்'னு போட்டதை எடுத்துடுங்க. நான் சொல்லாத பேச்சுக்கு நான் எதுக்கு?"

சொல்லிவிட்டு வந்துவிட்டேனே தவிர, மனசு ஆறவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, 'தொடாதீங்க' தவிர வேறொன்று சொல்லக் கிடைத்த இடம். அதையும் வாய்த்துடுக்கால் கெடுத்துக்கொண்டேனோ என்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

நாலு பத்துக்கு மூச்சு வாங்க ஓடி வந்தார். மேற்கு ஜன்னல் வெயில் அப்போதுதான் சாய்வாக இறங்கி, படத்தின் கீழ் ஓரத்தைத் தொட்டிருந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து, படத்தின் கீழ் ஓரத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஐயையோ," என்றார் மெதுவாக. "காஞ்ச தரைக்கா."

"நான் என்ன கதையா கட்டினேன்?"

பித்தளைத் தகட்டை மாற்ற, கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டுமாம். ஆனால் என் அட்டை, என் வார்த்தையிலேயே, எழுத்து மாறாமல் சுவரேறியது. தகடு வந்தான் என்கிறது, அட்டை போகிறான் என்கிறது. திறப்பு விழா அன்று ஆறாம் அறையில் நாற்காலிக்கு வரிசை கட்டி நின்றார்கள். எனக்கு நின்று நின்று கால் கடுத்துப்போனது. இருந்தாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஐந்து மணி நெருங்கும்போது, கூட்டம் கலைந்த பிறகு, என் வீட்டுக்காரர் வந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். பத்தொன்பது வருஷத்தில் இந்த அறைக்குள் முதல் தடவை. அட்டையை உதடசைத்து இரண்டு தரம் படித்தார். உட்கார்ந்தார்.

"நல்லா எழுதியிருக்கே," என்றார். அப்புறம் தலையைச் சாய்த்தார். "ஆனா இவன் போகலையே."

"என்னது!"

"முப்பது வருஷமாக் கண்ணாடியில படிக்கட்டைத்தானே பார்த்துக்கிட்டு வண்டி ஓட்டறேன். இறங்கப் போறவன் பாரம் வெளிக்காலுக்கு வந்துடும். இவன் பாரம் மொத்தமும் உள்காலுல இருக்கு. வெளியே இருக்கிற காலைச் சும்மா வச்சிருக்கான். இவன் இறங்க மாட்டான். இப்படி நிக்கறவங்களுக்காக எத்தனை தடவை வண்டியை நிறுத்திட்டுக் காத்துக்கிட்டு இருந்திருக்கேன் தெரியுமா?"

"அட்டையெல்லாம் அடிச்சு மாட்டினதுக்கப்புறம் வந்து சொல்றீங்களே, நியாயமா இது? எழுந்திரிங்க முதல்ல!"

அவர் எழுந்தார். நான் உட்கார்ந்தேன். வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தரை காய்ந்துதான் இருந்தது, அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த வெளிக்கால்... பாவி, நுனி விரலைத்தான் ஊன்றியிருந்தான். குதிகால் தரையிலேயே படவில்லை. இத்தனை வருஷமும் அவனைப் போகவைத்து, அவனுக்காக நானே பாவப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். கண் கலங்கிவிட்டது எனக்கு.

"நான் சொன்னது தப்பா?" என்றார் அவர், பயந்துபோய்.

"தப்பில்லை. அதான் எரிச்சல். சும்மா நில்லுங்க பக்கத்துல."

மூடுகிற மணி அடித்தது. எல்லாரையும் வெளியே அனுப்ப வேண்டியவள் நான்தான். அடித்துவிட்டுப் போகட்டும் என்று இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.