சாக்கு நிறத்தில் இரண்டு ராஜ்யம்

சிவப்பிரகாஷின் கோட்டை எரிந்து முடிந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். எட்டு மாதம் பாடுபட்டுக் கட்டிய கோட்டை. கொளுத்தியவன் எதிரி அல்ல, அவன் பக்கத்திலேயே துறைமுகச் சரக்குக் கொட்டகையில் உட்கார்ந்து தயிர்சோறு தின்றுகொண்டிருந்த மகாராஜன்.

செல்போன் ஆட்டம்தான். ராஜாக்கள் காலத்து வரைபடம். பச்சை மண் இவர்கள் ராஜ்யம், சிவப்பு மண் நிலக்கரி இறக்கும் கரித்தளத்து ஆட்களுடையது. நேற்றுவரை ஒவ்வொரு கோட்டையிலும் கொடி பறந்தது. இவர்களுக்குக் காளை, அவர்களுக்குப் பன்றி. காலையில் ஆட்டம் புதிதாக மாறியதில் கொடிகள் போய்விட்டன. நிறம் மட்டும் மிச்சம்.

"ஏலே, கூட இருந்துக்கிட்டே குழி பறிச்சிட்டியே!" சிவப்பிரகாஷ் போனை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினான்.

"கை தவறிட்டுலே."

"ஒரு தடவ தவறும். குதிரப்பட, வில்லுப்பட, கல்லெறியுற வண்டின்னு மூணு தடவையா தவறும்?"

"கரித்தளத்துல சம்பந்தம் பேசிருப்பான்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். சிவப்பிரகாஷ் சிரிக்கவில்லை.

"சும்மா சொல்லுலே. நான் என்ன செஞ்சேன் உனக்கு?"

மகாராஜன் தயிர்சோற்றை ஓரமாக வைத்தான். பத்து வருசக் கூட்டாளி. "ரெண்டும் எனக்கு ஒண்ணுபோலதாம்லே தெரியி. பழைய சாக்கு நிறம். இத்தன நாளும் கொடியப் பாத்துத்தான் ஆடுனேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

சிவப்பிரகாஷின் வேலை கப்பலின் வயிற்றுக்குள். கிரேன் இறக்கும் எந்திரப் பெட்டிகளை அங்கே நின்று பிடித்து வைப்பவன். பெட்டியைத் தூக்கும் பெல்ட்டுகளை எடுத்து மாட்டிவிடுகிறவன் மகாராஜன். நல்ல பெல்ட்டின் நுனி வளையத்தில் பச்சைப் பெயிண்ட், நைந்து கழித்ததில் சிவப்பு. கழித்ததை ஸ்டோர்காரர் எப்போதும் இடதுபக்க ஆணியில்தான் தொங்கவிடுவார். மகாராஜன் இரண்டு வருசமாக வலதுபக்கத்தில் மட்டும் கைவைத்துப் பிழைத்துவந்தான். மூட்டை தூக்கி முதுகெலும்பு தேய்ந்தவனுக்குக் கிடைத்த வேலை. இது போனால் மறுபடி மூட்டைதான்.

"இன்னைக்கு ஸ்டோர்காரர் லீவுல்லா?" சிவப்பிரகாஷின் குரல் இறங்கிவிட்டது. "பெல்ட்டெல்லாம் தரையில குவிஞ்சு கெடந்துச்சே. எப்படிலே எடுத்த?"

"தடவிப் பாத்து."

ஒரு மணிச் சங்கு ஊதியது. சிவப்பிரகாஷ் எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி மந்திரமூர்த்தி எட்டிப் பார்த்து, "ஏலே, கீழ எறங்க வெத்தல பாக்கு வைக்கணுமா?" என்றார்.

சிவப்பிரகாஷ் வாயைத் திறக்கவில்லை. தானும் திறக்காமல் இருந்துவிடலாம் என்று மகாராஜனுக்குத் தோன்றியது. அவன் காட்டிக்கொடுக்க மாட்டான். இப்படியே இறங்கி நின்றாலும் நின்றுவிடுவான்.

"அண்ணாச்சி, காலையில நான் எடுத்த பெல்ட்டக் கழத்திப் பாருங்க. எனக்குப் பச்ச செவப்பு தெரியாது."

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். வையவில்லை. கிரேனுக்குக் கைகாட்டி நாலு பெல்ட்டையும் இறக்கச் சொன்னார். தரையில் நீளமாக விரித்துக் குனிந்து பார்த்தார். மூன்றாவதைத் தனியே இழுத்துப் போட்டார்.

"காலையிலிருந்து எத்தன பெட்டிலே போச்சு?"

"பத்தொம்பது" என்றான் சிவப்பிரகாஷ்.

மகாராஜன் அந்த பெல்ட்டைக் கையில் எடுத்தான். புரட்டிப் பார்த்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான். மற்ற மூன்றைப் போலத்தான் இருந்தது.

"கீழ போடு" என்றார் மேஸ்திரி. "அங்கன உப்பு மூட்டைக்கு ஆள் கேக்கான். போ."

சிவப்பிரகாஷ் குவியலிலிருந்து பெல்ட்டுகளைத் தானே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். நாலு தேறியதும் தோளில் போட்டுக்கொண்டு கப்பலுக்கு நடந்தான். மகாராஜன் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு உப்பு லாரிகள் நின்ற பக்கம் போனான்.